கட்டில் பக்கத்துப் பை

கொக்கி ஒட்டவில்லை. பைக்காரி அதை ஓடு பதித்த சுவரில் வைத்து அழுத்தினாள், கையை எடுத்தாள், அது பாட்டுக்குச் சரிந்து ஏணிப்படியில் மோதித் தரையில் போய் விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் கீழே ஆள் இல்லை. அக்கா, அதாவது அவளுடைய முதலாளியம்மா, கூடத்தில் அந்த வீட்டுக்காரம்மாவிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். கம்பிக்கூடைகளை அடுப்புப் பக்கம் மாட்டுவதா, சன்னல் பக்கம் மாட்டுவதா என்று காலையிலிருந்து வாதம் நடக்கிறது. இந்தம்மா ஒரு முடிவுக்கு வருவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும் என்று பைக்காரிக்கு எரிச்சல்.

இவர்கள் இருவருக்கும் அதுதான் தொழில். இடம் பற்றாத வீடுகளுக்குப் போய், சுவரில் துணிப்பைகளும் கூடைகளும் மாட்டிக் கொடுப்பார்கள். துளை போடுவது, அளவெடுப்பது எல்லாம் அக்கா. பைகளைத் தைப்பதும் கொக்கிகளை ஒட்டுவதும் இவள். சீப்புக்கு ஒரு பை, சாவிக்கு ஒரு பை, வெங்காயத்துக்கு ஒரு கூடை என்று எதைக் கண்டாலும் அதற்கொரு பை தைத்துவிடுவதால் புருஷன்தான் அவளுக்குப் பைக்காரி என்று பேர் வைத்தார். கேலியாக வைத்த பேர் கடைசியில் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

வேலைக்குப் போகும்போது இடுப்பில் அவள் கட்டிக்கொள்ளும் முன்துணியிலும் அவளே தைத்த பைகள்தான். ஆணிக்கு, அளவு நாடாவுக்கு, பென்சிலுக்கு, பசைக்கு என்று தனித்தனி. ஏணியில் நிற்கும்போது குனிந்தே பார்க்க மாட்டாள். கை தானாகப் போகும், தானாக எடுக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இறங்கிப் போய்க் கொக்கியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினாள். இடுப்புப் பையிலிருந்து பசை பாட்டிலை எடுத்துக் கொக்கியின் முதுகில் இன்னொரு சொட்டு விட்டாள். சொட்டு நிற்கவில்லை. தண்ணீராக வழிந்து, விரலில் இறங்கி, முழங்கை வரை ஓடியது. கண்ணிமைக்கும் நேரத்தில் கவ்விப் பிடிக்கிற பசை இது, இப்படி ஏன் ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள்.

நீல மூடி.

பசைக்குச் சிவப்பு மூடி. பார்த்திருந்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இவள் பார்த்தால்தானே. கையில் இருந்தது புருஷனின் கண் மருந்து.

மருந்தை மறந்து எடுத்து வந்துவிட்டோம், பாவம் மத்தியானத்துக்கு மருந்தில்லாமல் தேடுவாரே என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்கு அடுத்த நினைப்பு பிறகுதான் வந்தது. மருந்து இங்கே இருக்கிறது என்றால், மருந்து இருக்க வேண்டிய இடத்தில், கட்டில் பக்கத்துப் பையில், பசை இருக்கிறது.

அவருக்கு இருப்பது ஒரே கண். வலது கண், லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இரும்புச் சில்லு தெறித்துப் போனது போனதுதான். மிஞ்சிய இடது கண்ணிலும் கருவிழியில் வெள்ளை படர்ந்து, பகலே இருட்டாகி, மாற்றுக் கருவிழிக்குக் காத்துக் கிடந்து, போன மாதம்தான் யாரோ ஒரு புண்ணியவான் செத்த பிறகு கொடுத்துவிட்டுப் போனதை எடுத்து இவருக்கு வைத்தார்கள். பார்வை இன்னும் தெளியவில்லை. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆள் தெரியும், முகம் தெரியாது. போகப் போகத் தெளியும், ஆனால் அதன் மேல் மருந்தைத் தவிர வேறு எதுவும் படக் கூடாது, கசக்கக்கூடக் கூடாது, இதற்கு ஏதாவது ஆனால் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவருக்காகத்தான் அந்த ஒற்றை அறை வீட்டில் தரையில் ஒரு சாமான் இல்லாமல் எல்லாவற்றையும் சுவரில் ஏற்றினாள். செருப்புகூடத் தொங்கும். "இது வீடா, தபாலாபீஸா?" என்று அவர் கிண்டல் செய்தார். ஆனால் இரண்டே வாரத்தில் சுவரைத் தடவிக்கொண்டே அவரே துண்டை எடுத்தார், அவரே தண்ணீர் ஊற்றிக் குடித்தார், ரேடியோவுக்கு பேட்டரி மாற்றினார். யாராவது ஊட்டிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் இது அவருக்குப் பெரிய விடுதலை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "எதை வேணா எங்க வேணா வை. வெச்சப்புறம் மாத்தாதே. மாத்திட்டா எனக்கு வீடே மாறிப்போயிடும்." அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

காலையில் நடந்தது இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவருக்கு மருந்து விட்டாள். கண்ணாடிக்குப் பக்கத்துச் சீப்புக்கூடையின் கொக்கி ஆடியது. மருந்து பாட்டில் கையில் இருக்கும்போதே இடுப்பிலிருந்து பசையை எடுத்து அதை ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து அவர் ஏதோ கேட்டார், இவள் பதில் சொன்னாள். ஒரே கையில் இரண்டு பாட்டில். ஒன்றைக் கட்டில் பக்கத்துப் பையில் நுழைத்தாள், இன்னொன்றை இடுப்பில் நுழைத்தாள். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. உட்காராமல் என்ன செய்யும்? பாட்டில் இரண்டும் ஒரே அளவுதானே, துணி வீணாக வேண்டாமே என்று அந்த இரண்டு பைகளையும் ஒரே துண்டிலிருந்து, ஒரே வெட்டில் தைத்தவளே இவள்தான். கைக்கு இது போதும் என்றிருந்தது. கண்ணை அது கேட்கவே இல்லை.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. போனை எடுத்து அவருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. அவர் போன் எங்கே இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வாசல் பக்கத்துக் கூடையில், சத்தம் அடைத்து. கண்ட கண்ட விளம்பரக்காரர்கள் கூப்பிட்டு அவர் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று அதுவும் இவள் போட்ட சட்டம்தான்.

மத்தியான மருந்தை அவரே போட்டுக்கொள்வார். மணி பார்க்க முடியாதே, அதனால் ரேடியோதான் அவருக்குக் கணக்கு. மத்தியானச் செய்தி தொடங்கும்போது கட்டிலில் படுப்பார். கடைசியில் வானிலை சொல்லி முடித்ததும் கையை நீட்டிப் பையிலிருந்து பாட்டிலை எடுப்பார். பைக்காரி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். செய்தி தொடங்கும் நேரம்.

கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனவளை அக்கா மறித்தாள். என்ன அவசரம், பாதி வேலையில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள். பைக்காரி பாட்டிலை நீட்டினாள். ஆஸ்பத்திரிக்கு இவர்களோடு கூட வந்தவள் அக்கா, அந்த நீல மூடியை அவளுக்குத் தெரியும். பாட்டிலைப் பார்த்தாள், காலியாக இருந்த பசைப் பையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ பசை?" என்றாள் அக்கா.

அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் வேன் சாவியை எடுத்தாள். அப்போ கூடையை எங்கே மாட்டுவது என்று பின்னாலிருந்து வீட்டுக்காரம்மா கேட்டார். சன்னல் பக்கம்தான், முடிவு செய்தாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே அக்கா படியிறங்கினாள்.

வேன் கிளம்பியதும் அக்கா ரேடியோவைப் போட்டாள். போட்டிருக்க வேண்டாம். செய்தி ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அதே குரல் அதே நேரத்தில் அந்த ஒற்றை அறையிலும் கேட்டுக்கொண்டிருக்கும், அவர் தலையணையைச் சரிசெய்து படுத்திருப்பார் என்று பைக்காரி நினைத்தாள். எங்கோ ஒரு பாலம் திறந்தார்களாம். யாரோ ஒரு மந்திரி எதையோ மறுத்தாராம். இன்னும் மறுக்கட்டும், நாள் முழுக்க மறுத்துக்கொண்டே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். பின்னால் கம்பிக்கூடைகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

எதிர் வீட்டம்மாவுக்குக் கூப்பிடு என்று அக்கா சொன்னாள். நல்ல யோசனை. அந்தம்மா உடனே எடுத்தார். "அவரு போனை எடுக்க மாட்டேங்கறாரு. கொஞ்சம் கதவைத் தட்டி என்னைக் கூப்பிடச் சொல்றீங்களா?" என்று பைக்காரி கேட்டாள். இதற்கு என்ன, இதோ போகிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

"ஏன் பசையைப் பத்திச் சொல்லல?" என்றாள் அக்கா.

ஏன் சொல்லவில்லை? அதை என்னவென்று சொல்வது. புருஷன் கண்ணில் ஊற்றிக்கொள்ளப் பசையை எடுத்து வைத்துவிட்டு வந்தேன் என்றா? அந்தம்மா இவளுடைய சுவரைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோகிறவர். உன்னைப் போல் ஒழுங்கு யாருக்கு வரும் என்று எல்லோரிடமும் சொல்பவர். வெட்கம்தான். கேவலமான, உதவாக்கரை வெட்கம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. வாயால் சொல்லிவிட்டால் அது நடந்ததாகவே ஆகிவிடும் என்று ஒரு பயம். அக்கா அவளைத் திட்டவில்லை. இப்போதாவது சொல் என்று மட்டும் சொன்னாள். பைக்காரி மறுபடி கூப்பிட்டாள். எதிர் வீட்டம்மா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கதவைத் தட்டப் போயிருந்தார் போலிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

செய்தி விளையாட்டுக்கு வந்துவிட்டது. சந்தைத் தெரு முனையில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று பின்னுக்கு வரப் பார்த்தது, முன்னுக்குப் போகப் பார்த்தது, எதற்கும் இடம் இல்லை. அக்கா ஹாரனை அழுத்தினாள். எல்லோருமே அழுத்தினார்கள். அந்த இரைச்சலிலும் பைக்காரிக்கு ரேடியோ மட்டும் துல்லியமாகக் கேட்டது. யாரோ ஜெயித்தார்கள், யாரோ தோற்றார்கள். இனி வானிலை அறிக்கை.

அவள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள்.

ஓடிப் பழக்கம் இல்லாத உடம்பு. இடுப்பில் ஆணியும் சுத்தியலும் குலுங்கின, சுத்தியல் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது, கழற்றி எறியத் தோன்றவில்லை. ஒரு கையில் மருந்து பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். தள்ளுவண்டிக்காரன் கண்ணு தெரியலையா என்று கத்தினான். அந்த வார்த்தை அவளை அறைந்தது. முடிவெட்டும் கடை ஒன்றைத் தாண்டும்போது உள்ளே ரேடியோ, கடலோரப் பகுதிகளில் மழை பெய்யக்கூடும் என்றது. அதைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் செய்தி முடிந்து பாட்டு கிளம்பிவிட்டது.

முடிந்தது. இப்போது கை நீட்டுவார். கடவுளே, பாட்டில் கைநழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டு போகட்டும். யாராவது வந்து கூப்பிடட்டும். அவருக்குத் தூக்கம் வரட்டும், வயிற்றுவலி வரட்டும், எனக்கு எந்தக் கோயிலிலும் தீராத பாவம் சேர்ந்தாலும் சேரட்டும் என்று கன்னாபின்னாவென்று வேண்டிக்கொண்டே வீட்டு மாடிப்படி ஏறினாள்.

எதிர் வீட்டம்மா மாடிப் படிக்கட்டின் மேல்முனையில் நின்றிருந்தார். சிரித்த முகம். "தட்டினேன்மா. உள்ளேருந்தே குரல் குடுத்தாரு. மருந்து போடற நேரமாம், அப்புறம் வரச் சொல்றாரு."

பைக்காரி அவரை இடித்துக்கொண்டு போய்க் கதவில் நின்றாள். சாவி. சாவிக்கு இடுப்பில் ஒரு பை உண்டு, எந்தப் பை என்று கைக்கு மறந்துபோயிற்று. ஆணி வந்தது, நாடா வந்தது, பென்சில் வந்தது. எல்லாம் தரையில் சிதறின. கடைசியில் குனிந்து, கண்ணால் பார்த்துத்தான் சாவியை எடுத்தாள். மருந்து பாட்டிலை இடுப்பில் செருகிவிட்டுச் சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

கதவு திறந்தது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மல்லாந்து படுத்திருந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் இமைகளை மேலும் கீழுமாகப் பிரித்துப் பிடித்திருந்தன. வலது கையில் பாட்டில் தலைகீழாக, கண்ணுக்கு நேர் மேலே. சிவப்பு மூடி அவர் நெஞ்சின் மேல் கிடந்தது.

மாடி ஏறும் வழி முழுக்க ஒரு கத்தலைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கத்த முடியாது என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. கத்தினால் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் கை இறுகும். பாட்டிலின் மூக்கில் ஏதோ காய்ந்து அடைத்திருக்க வேண்டும், அதுதான் இன்னும் இறங்கவில்லை. அவர் "என்ன இது, இன்னிக்கு இறங்கவே மாட்டேங்குது" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவள் மூச்சை அடக்கினாள். கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவள் போல, சாதாரணமாக, மெதுவாகப் பேசினாள். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

"நான்தான் வந்திருக்கேன். கொஞ்சம் இருங்க, நானே போட்டு விடறேன்."

அவர் தலையைத் திருப்பவில்லை. "நீ எதுக்கு இந்நேரத்துக்கு வந்த? எனக்குக் கை இல்லையா? நானே போட்டுக்கறேன்" என்றார். சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

பிடிவாதம் பிடித்த மனுஷன். அவள் பாய்ந்தாள். கட்டிலில் முழங்கால் இடித்தது, உள்ளங்கையை விரித்து அவர் கண்ணின் மேல் கவிழ்த்தாள். சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. அடைப்பு விட்டுப்போய் அடுத்த சொட்டும், அதற்கடுத்ததும் விழுந்து விரலிடுக்கில் ஓடின. தோல் சுட்டது.

"என்ன பண்ற நீ?" அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அசையாதீங்க, கண்ணை இறுக்கி மூடிக்குங்க என்று சொல்லி, மறு கையால் பாட்டிலைப் பிடுங்கி அறையின் மூலைக்கு எறிந்தாள். அவருடைய இரண்டு விரல்கள் அவள் கைக்கடியில் மாட்டியிருந்தன. பசை அங்கேயும் இறங்கிவிட்டது. அவள் விரலும் அவர் விரலும் ஒன்றாகிப்போயிருந்தன. பிரிக்க முடியவில்லை. இன்னும் ஒரு நூல் கீழே ஓடினால் இமைக்குள் போய்விடும். நாலு விரலையும் ஒரே கையாக, ஒரே தூக்காக, முகத்திலிருந்து மெல்ல உயர்த்தினாள். புருவத்து முடி கொஞ்சம் பிய்ந்து கூடவே வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சுடுதே. என்ன இது?"

அவள் பதில் சொல்லாமல் அவர் முகத்துக்கு மேல் குனிந்தாள். இமையோரத்தைப் பார்த்தாள், இமை மயிரைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். ஈரம் இல்லை. பளபளப்பு இல்லை. "இப்போ திறங்க, மெதுவா" என்றாள். அவர் திறந்தார். இமை தானாகத் திறந்தது. ஒட்டவில்லை.

"என்ன தெரியுது?"

"என்ன தெரியும், நீ தெரியற. மங்கலா. எப்பவும்போல" என்றார். பிறகு குரல் மாறியது. "ஏன் அழற?"

எதிர் வீட்டம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். எதையும் விசாரிக்காமல் ஒரு சட்டியில் வெந்நீரும் சோப்பும் கலக்கிக் கொண்டு வந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். கட்டிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டிய கைகளை அதில் ஊறவைத்தார்கள். ஒட்டியிருந்த கையை வைத்துக்கொண்டு ஓடி ஒளிய வழி இல்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீப்புக்கூடை, ஒரே கையில் இரண்டு பாட்டில், ஒரே வெட்டில் தைத்த பைகள், எதிர் வீட்டம்மாவிடம் சொல்லாமல் விட்டது வரை எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவர் திட்டுவதற்குக் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவர் திட்டவில்லை. தண்ணீருக்குள் விரலை அசைத்துப் பார்த்தார்.

"மூடியைத் திறக்கும்போதே கைக்கு வேற மாதிரிதான் இருந்துச்சு" என்றார். "வாடையும் ஒரு தினுசா வந்துச்சு. இது நம்ம மருந்து இல்லியேன்னு தோணிச்சு. ஆனா அந்தப் பையிலேருந்துதானே எடுத்தேன். நீ வெச்சது. உனக்குத் தப்பாது, என் கைதான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

இவ்வளவு நேரம் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. தெரிந்திருக்கிறது. கை சொல்லியிருக்கிறது, மூக்கு சொல்லியிருக்கிறது. இரண்டையும் தள்ளிவிட்டு இவளை நம்பி அந்தப் பசையைக் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறார். சடாரென்று அவர் பக்கம் திரும்பினாள். சட்டித் தண்ணீர் தளும்பி இருவர் மடியையும் நனைத்தது.

"இனிமே அப்படி நினைக்காதீங்க" என்றாள். "நான் வெச்சேன்னு எதையும் நம்பாதீங்க. மோந்து பாருங்க. இது என்னன்னு கேளுங்க. சந்தேகப்படுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"அப்போ இந்த வீட்டுல எதைத் தொட்டு நான் நடமாடறது?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். சுற்றிலும் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன, துண்டுக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, நகவெட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று இன்று காலை வரை கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். இப்போது ஒன்றையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசி விரலில் தோல் கொஞ்சம் உரிந்தது. அக்கா வண்டியை எங்கோ விட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். வழியிலேயே டாக்டரம்மாவிடம் பேசிவிட்டாளாம், கண்ணுக்குள் படவில்லை என்றால் பயமில்லை, வழக்கமான மருந்தைப் போட்டு உடனே கூட்டி வரச் சொன்னாராம். வண்டியைத் திருப்பிக் கொண்டு வருகிறேன் என்று மறுபடி கீழே போனாள்.

பைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு மருந்தை எடுத்தாள். நீல மூடியைப் பார்த்தாள். பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள், திரும்பவும் படித்தாள். அவர் மல்லாந்து படுத்தார். எப்போதும் அவள் பக்கத்தில் வந்தாலே தானாகக் கண்ணைத் திறந்து காட்டுவார். இப்போது கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். அவள் பாட்டிலை அந்தக் கையில் கொடுத்தாள். அவர் அதை உருட்டிப் பார்த்தார், மூடியைத் தடவிப் பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். அவள் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை, ஆனாலும் நின்றாள்.

"இது என்ன?" என்று கேட்டார்.

அவள் பாட்டிலில் இருந்த பேரை உரக்க வாசித்தாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகும் அவர் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.